சில்லி கான் கார்னே

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாலுள்ள டெக்ஸாஸ் மாகாணத்தார்க்கு மிக்க உவப்பான உணவு சில்லி கான் கார்னே என்பதாம். ஸ்பானிய மொழியில் இத்தொடர் இறைச்சியோடு கூடிய மிளகாய் எனப் பொருள்படும். மிளகாயே தலைமை பெற்று, இறைச்சி அதற்குத் துணையாய் நிற்றல் இப்பெயரிற் கவனிக்கத்தக்கது. 1977-ஆம் ஆண்டில் அம்மாகாணச் சட்டசபையார் இதனைத் தம் மாகாணத்துக்குரிய உணவெனத் தீர்மானித்தனர். ஆயினும், இதிற் பயறு சேர்க்கலாமோ ஆகாதோ என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. டெர்லிங்குவா என்னும் பாலைநிலச் சிற்றூரில் 1967-இல் தொடங்கிய சமையற் போட்டியிற் பயறு விலக்கப்பட்டுள்ளது. பிற மாகாணத்து வீடுகளிலோ பயறின்றி இதனைச் சமைப்போர் அரியர்.

இவ்வுணவைப் பிறரறியச் செய்த பெருமை சான் அந்தோனியோ நகரத்து ஏழை மெக்ஸிகப் பெண்டிர்க்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் மாலைதோறும் நகரச் சதுக்கங்களிற் பலகையிட்டு, விளக்கேற்றி, தாம் சமைத்ததை விற்றனர். ஊரார் அவர்களைச் ‘சில்லி ராணிகள்’ என்றழைத்தனர். 1893-இல் சிக்காகோ நகரத்து உலகக் கண்காட்சியில் சான் அந்தோனியோவின் பெயரால் ஒரு சில்லிக் கடையும் இருந்தது. 1930-களிற் சுகாதார விதிகள் அப்பெண்டிரின் தொழிலை நெருக்கின. பின்னர் அக்கடைகள் மறைந்தன. அவர்தம் கைப்பாகத்தைத் தகரக் குப்பியிலும் பொடியிலும் அடைத்து விற்றவர் செல்வராயினர். அவர்க்கு எஞ்சியது ராணி என்னும் பட்டமே.

இனிப் பாகத்துக்கு வருவோம். இறைச்சி 1 கிலோ வேண்டும். அது மாட்டின் தோட்புறத்ததாக இருத்தல் நன்று. அப்பகுதியில் இணைப்புத் தசைநார் மிகுதி. விரைந்து சமைப்பின் அது தோல்போல் இழுபடும். சிறுதீயில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் வேகவிடின், அந்நார் கரைந்து கூழ்த்தன்மையெய்திக் குழம்பைத் தடிப்பாக்கும். விலை குறைந்த இறைச்சியே இங்குச் சிறந்ததாதல் ஏழையர் அடுப்பிற் பிறந்த உணவுக்குத் தக்கதன்றோ!

மிளகாயில் ஆஞ்சோ என்னும் உலர்ந்த வகை நிறமும் மணமும் மிக்கது, உறைப்பிற் குறைந்தது. நம் நாட்டில் காஷ்மீர மிளகாய் ஒருவாறு அதற்கு ஈடாகும். உறைப்பு விதையிலுள்ளதென்பது பொதுக் கருத்து. உண்மையில் விதையைத் தாங்கும் வெண்ணிற உட்சதையிலேயே அது மிகுதியும் உறைகிறது. உறைப்பைக் குறைக்க விழைவோர் அச்சதையைக் களைக. காரத்தைத் தரும் காப்சைசின் என்னும் பொருள் நீரிற் கரைவது அரிது, கொழுப்பிற் கரையும். ஆதலால், இறைச்சியைச் சிவக்க வறுத்தெடுத்தபின் அக்கொழுப்பிலேயே வெங்காயம், பூண்டு, அரைத்த மிளகாய், சீரகப்பொடி இவற்றைக் கருகாது வதக்கி, இறைச்சியைத் திரும்பவிட்டு நீர் வார்த்தல் வேண்டும். உண்பவர் காரந் தாங்காது தவிப்பின் தண்ணீரை நீட்டுதல் பயனின்று; பாலோ தயிரோ தருக.

பயற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். இங்குக் கவனமின்மை நோய் தரும். வடநாட்டார் ராஜ்மா என வழங்கும் செந்நிற வித்தில், வேகாத நிலையில், ஒரு நச்சுப் பொருள் உண்டு. நாலைந்து வித்துக்களே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் விளைக்கவல்லன. ஐந்து மணிக்குக் குறையாது ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிடின் நஞ்சு அழியும். கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தலோ நஞ்சை மிகுவிக்கவுங் கூடும். மின்சார மெதுவடுப்பில் ஊறிய பயற்றை நேரே இட்டு நோயுற்றார் பலர். அன்றியும், தக்காளியின் புளிப்பு பயற்றின் தோலை மென்மையாகாது தடுக்கும்.

ஆகவே எமது தீர்ப்பு இது: வீட்டுப் பானையிற் பயறு சேர்வது குற்றமன்று, இறைச்சி குறைந்த நாளில் அது குடும்பத்தின் பசியாற்றும். ஆனால் 250 கிராம் பயறும் தனிப் பானையிற் குழைய வெந்து, இறுதி அரைமணியில் மட்டுமே இறைச்சியோடு கலத்தல் வேண்டும். உப்பையும் அப்போதே சரிபார்க்க. சோள அடையுடன் சூடாகப் பரிமாறுவர். மறுநாள் நன்கு கொதிக்கவைத்து உண்ணின் சுவை இன்னும் கூடியிருக்கும்.