கண்ணகிக்கு ஏன் நடுகல்? வருடத்தில் ஒரே ஒரு நாள் போகக்கூடிய மலைக்கோயில்

குரங்கணிக்கு ட்ரெக்கிங் போகிறவர்கள், அதே தேனி மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு மலையையும் தெரிஞ்சு வச்சுக்கலாம். போடியிலிருந்து கம்பம் வழியாக கூடலூர் போனால், தமிழக - கேரள எல்லை மலையின் உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். ஆனால் நினைச்ச நேரத்துக்குப் போக முடியாது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் அனுமதி.

வீரருக்கான மரியாதை

போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டு வணங்குவது பழந்தமிழர் வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று அதற்குப் படிகள் உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் புரட்டினால், காதைகளின் பெயர்களே இவைதான்!

கண்ணகி வாள் எடுக்கவில்லை. ஒற்றைச் சிலம்போடு அரசவையில் நீதி கேட்டாள். அவளுக்கும் வீரனுக்குரிய அதே சடங்கு. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான் என்கிறது காப்பியம்.

தேனிக்கு இது புதுசு இல்லை. ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அதில் ஒன்று, மாடுபிடிச் சண்டையில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது.

செங்குட்டுவன் எழுப்பிய கோயில் இதுவே என்று 1963-ல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசன்.

ஏன் ஒரே நாள்?

கோயில் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். எல்லைச் சிக்கலும் இன்னும் தீரவில்லை. அதனால் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்தே விழாவை நடத்துகின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து 6 கி.மீ.க்கு மேல் நடக்கணும்.

அந்த நாளும் கோடையில்தான் வருகிறது. காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத் தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைப் பறித்தது. அதன்பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

போகும் முன்

மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துட்டு கிளம்புங்க. தீப்பெட்டி, சிகரெட், பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். ‘கூட்டத்தோட கூட்டமா’ குறுக்குவழியில் ஏறவும் வேண்டாம். அனுமதித்த பாதையில் ஏறி, சொன்ன நேரத்துக்குள் இறங்கிடுங்க.