மத்தியதரைக் கடற்பயணம்: கப்பலும் அறையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

– மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்

வரலாறு படிப்போர்க்கு மத்தியதரைக் கடல் புதியதன்று. பினீசியரின் வணிகக் கலங்களும் கிரேக்கரின் போர்ப்படகுகளும் உரோமரின் தானியக் கப்பல்களும் உலவிய கடல் அது. மேற்கே ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகிய வாயில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உடையது. தென்கிழக்கே 1869 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் அதனைச் செங்கடலோடு இணைக்கிறது. இவ்விரு வாயில்களுக்கிடையே மூன்று கண்டங்களின் நாகரிகங்கள் கரையோரமாகவே வளர்ந்தன. ஆகவே அவற்றைக் காணக் கப்பலினும் ஏற்ற ஊர்தி வேறில்லை எனலாம்.

இன்பச் சுற்றுலாவுக்காக அக்கடலில் செல்லும் வழக்கமும் பழையதே. கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1844 ஆம் ஆண்டில் கப்பலேறிக் கெய்ரோ வரை சென்று வந்து நூலொன்று எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1867 ஆம் ஆண்டில் 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பலில் சென்றார். அன்று ஒரு சிலர்க்கே கிட்டிய பயணம் இன்று ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்க்கும் எட்டும் தொலைவில் வந்துவிட்டது. ஆனால் எட்டுவது வேறு, ஏமாறாமல் எட்டுவது வேறு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராயும் தேவை எனக்கு ஏற்பட்டது என் பெரியம்மாவால். முப்பது ஆண்டுகள் அரசு பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். "வரைபடத்திலே குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிய ஊரையெல்லாம் ஒரு தடவையாவது காலால் தொட்டுப் பார்க்கணும் தம்பி. நீதான் விசாரிச்சுச் சொல்லணும்" என்றார். உடன் வர அவருடைய தோழியான மற்றோர் ஆசிரியையும் இசைந்தார். கையிலிருந்ததோ பணிக்கொடையில் எடுத்து வைத்த தொகை. மறுமுறை சேராத பணம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலியும் உண்டு. இந்த இரண்டு எல்லைகளுக்குள் நின்று நான் பல மாதங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் துறைமுகம்

விளம்பரங்கள் முதலில் கப்பலைக் காட்டும். நாமோ முதலில் காண வேண்டியது அது எந்தெந்தத் துறையில், எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதையே. ஏனெனில் பயணப் பட்டியலில் ஊரின் பெயராக எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அவ்வூரன்று.

'ரோம்' என்று அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவித்தவெக்கியா என்னும் துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் நகரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 'பிளாரென்ஸ்' என்றால் கப்பல் நிற்பது லிவோர்னோவில். நகரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு அப்பால். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஆறு மணிக்குள் ஏற வேண்டிய பயணிக்கு, போக வர ஆகும் நேரமும், கரை இறங்க வரிசையில் நிற்கும் நேரமும் கழிந்தால் ரோமுக்கு மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரமே.

வெனிசு நகரின் நிலை இன்னும் மாறிவிட்டது. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 25,000 ஒட்டுமொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மாற்கு சதுக்கத்தின் முன்னுள்ள நீர்வழியிலும் ஜியுதெக்கா கால்வாயிலும் செல்வதை இத்தாலிய அரசு தடை செய்துவிட்டது. பெரிய கப்பல்கள் இன்று மார்கேரா, திரியெஸ்தே, ரவென்னா போன்ற துறைகளைப் பயன்படுத்துகின்றன. 'வெனிசிலிருந்து புறப்பாடு' என்னும் சொற்களுக்குப் பின் எந்தத் துறை உள்ளது என்று கேட்காதவர், நகரைக் காணப் பேருந்தில் மணிக்கணக்காகச் செல்ல நேரிடும்.

மாறாக, ஊரையே ஒட்டி நிற்கும் துறைகளும் உண்டு. நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கினால் நகரின் நடுவில் நிற்கலாம். பாம்பேயி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கிரீட் தீவின் ஹெராக்ளியோன் துறையிலிருந்து கினோசஸ் அரண்மனை ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஏதென்ஸுக்குரிய பிரேயஸ் துறை நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். துருக்கியின் குசதாசியிலிருந்து எபேசு நகர இடிபாடுகள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மால்டாவின் வலெட்டாவில் கோட்டை மதிலுக்கு அடியிலேயே கப்பல் நிற்கும். மேலே செல்ல 58 மீட்டர் உயரமுள்ள மின்தூக்கி 2012 முதல் இயங்குகிறது. கால் வலியுடையோர்க்கு இது பெரும் உதவியன்றோ?

இன்னொரு வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். சில இடங்களில் கப்பல் கரையை அணையாது, நடுநீரில் நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் கரை சேர வேண்டும். சாண்டோரினி அத்தகையது. படகிலிருந்து இறங்கியபின் மலைமேலுள்ள பிரா நகருக்குச் செல்ல ஏறத்தாழ 580 படிகள். அல்லது கம்பிவட ஊர்தியில் செல்ல நீண்ட வரிசை. மேலும் சூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏஜியன் கடலில் 'மெல்தெமி' என்னும் வடகாற்று வலுவாக வீசும். காற்று மிகுந்தால் படகிறக்கம் நிறுத்தப்படும். கப்பல் வேறிடம் சென்றுவிடும். பயண ஒப்பந்தம் அவ்வுரிமையை நிறுவனத்துக்கே அளிக்கிறது. வெயிலும் கூட்டமும் காற்றும் ஒருங்கே குறைய வேண்டுமானால் மே, செப்டம்பர் மாதங்களே நன்று.

அடுத்துக் கப்பல் நிறுவனம்

மத்தியதரைக் கடலில் ஓடும் நிறுவனங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகை, பெருங்கப்பல் நிறுவனங்கள். எம்.எஸ்.சி., கோஸ்டா, ராயல் கரீபியன், நார்வீஜியன் ஆகியவை இவ்வகையின. கட்டணம் குறைவு, நீச்சற்குளங்களும் நாடக அரங்குகளும் சறுக்கு விளையாட்டுகளும் மிகுதி. எம்.எஸ்.சி., கோஸ்டா கப்பல்களில் ஒரே பயணத்திற்குப் பல துறைகளிலும் பயணிகள் ஏறுவர், இறங்குவர். அறிவிப்புகள் பல மொழிகளில் ஒலிக்கும். ஐரோப்பியக் குடும்பங்கள் மிகுதியாக வருவர். கலகலப்பை விரும்புவோர்க்கு இவை ஏற்றவை.

இரண்டாம் வகை, நடுத்தர நிறுவனங்கள். செலிபிரிட்டி, ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் முதலியன. பயணிகளில் வயதானோர் மிகுதி. ஆரவாரம் சற்றே குறைவு.

மூன்றாம் வகை, சிறுகப்பல் நிறுவனங்கள். வைக்கிங், ஓஷியானியா, சில்வர்ஸீ, சீபோர்ன் என்பன. வைக்கிங் கடற்கப்பல்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு இடமில்லை. சூதாட்ட அரங்கமும் இல்லை. சிறிய துறைகளுக்குள்ளும் இவை நுழையவல்லன. கட்டணம் மட்டும் பெரிது.

எந்தக் கப்பல் நெரிசலானது என்பதை அறிய எளிய கணக்கொன்று உண்டு. கப்பலின் 'ஒட்டுமொத்த டன்' என்பது அதன் எடையன்று. மூடிய இடங்களின் கொள்ளளவிலிருந்து பெறப்படும் எண். அதனைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்குரிய இடத்தின் அளவு ஒருவாறு விளங்கும். 2022 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய 'எம்.எஸ்.சி. வேர்ல்ட் யூரோப்பா' ஏறத்தாழ 2,16,000 டன், அறைக்கு இருவராக ஏறத்தாழ 5,250 பேர், ஈவு 41. 2015 ஆம் ஆண்டின் 'வைக்கிங் ஸ்டார்' ஏறத்தாழ 47,800 டன், 930 பேர், ஈவு 51. பெரிய கப்பல் என்பதால் இடம் தாராளம் என்று கருதுதல் தவறு என்பது இதனால் பெறப்படும்.

அறையைத் தேர்தல்

அறைகள் நால்வகைப்படும். சாளரமே இல்லாத உள்ளறை. திறக்க முடியாத கண்ணாடிச் சாளரமுள்ள அறை. கடலை நோக்கிய பால்கனியுள்ள அறை. வரவேற்பிடத்தோடு கூடிய பேரறை. படிப்படியாக விலை ஏறும். உள்ளறையில் விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றே. உறங்குவதற்கு மட்டும் அறைக்குச் செல்வோர்க்கு அது குறையன்று. மூச்சடைப்பு உணர்வுள்ளோர்க்கு ஆகாது.

ஆனால் அறையின் வகையைக் காட்டிலும் அறை இருக்கும் இடம் முதன்மையானது. கிணற்று ஏற்றத்தை நினைவுகூர்வோம். மரத்தின் இரு முனைகளும் உயர்ந்தும் தாழ்ந்தும் ஆட, அச்சினருகே அசைவு மிகச் சிறிது. அலையில் கப்பலும் அவ்வாறே ஆடுகிறது. முன்னும் பின்னும் உள்ள அறைகள் மிகுதியாக ஏறி இறங்கும். உயரச் செல்லச் செல்லப் பக்கவாட்டு ஊசலும் மிகும். ஆகவே தலைச்சுற்றலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் அறை கேட்க வேண்டும். வியப்பு என்னவெனில், விலை உயர்ந்த அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களிலேயே உள்ளன!

அடுத்தது ஓசை. ஒவ்வொரு கப்பலுக்கும் தள வரைபடம் உண்டு. நாம் கேட்கும் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன உள்ளதென்று அதில் பார்க்க வேண்டும். மேலே நீச்சற்குளத் தளமானால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். கீழே நடன அரங்கமானால் நள்ளிரவு வரை இசை கேட்கும். மேலும் கீழும் அறைகளே உள்ள தளம் சிறந்தது. முன்பகுதியின் அடித்தளத்தில் நங்கூரச் சங்கிலியின் ஓசை உறக்கத்தைக் கலைக்கும். பக்கத்து அறைக்குச் செல்லும் இடைக்கதவு இருந்தால் அவர்தம் பேச்செல்லாம் நம் காதில் விழும். சில சாளரங்களுக்கு முன் உயிர்காப்புப் படகு தொங்கும். 'காட்சி மறைப்பு' என்று சிற்றெழுத்தில் குறித்திருப்பார்கள். அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் என்னும் மலிவுச் சீட்டை வாங்கினால் இத்தேர்வு உரிமை முழுவதையும் இழப்போம்.

இடப்புறமா, வலப்புறமா என்று பலர் கேட்பர். பார்சிலோனாவிலிருந்து மார்சேல், ஜெனோவா வழியாகத் தெற்கே இறங்கும் கப்பலுக்குக் கரை இடப்புறம் இருக்கும் என்பது மெய்யே. எனினும் இக்கடலில் கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலில் துறையில் நிற்பன. ஆதலின் இதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தல் வீண்.

பணக்கணக்கு

விளம்பரத்தில் காணும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவர்க்கு ஆவது. தனியே செல்வோர் சிலவேளை இருவர் கட்டணத்தையும் கட்ட நேரிடும். அதன்மேல் துறைமுக வரி, நாள்தோறும் சேவைக் கட்டணம், பானங்கள், இணையத் தொடர்பு, கரைச் சுற்றுலா ஆகியன உள்ளன. 2025 ஆம் ஆண்டு முதல் கிரேக்க அரசும் கப்பற் பயணியரிடம் தலைவரி பெறுகிறது. சாண்டோரினியில் கோடைக்கால வரி 20 யூரோ. எங்களிடம் பேசிய முகவர் ஒருவர் முதலில் இவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுதித் தருமாறு கேட்டபோது தொகை ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. எழுத்தில் கேட்பதே காப்பு.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர்க்கு ஷெங்கன் விசா வேண்டும். கப்பல் துருக்கி அல்லது மாண்டினீக்ரோ சென்று மீண்டும் இத்தாலிக்குத் திரும்புமாயின் பலமுறை நுழையும் விசா தேவை. துருக்கியில் இறங்குவதற்கான விதியைத் தனியே கேட்டறிதல் வேண்டும். விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். சைவ உணவு வேண்டுவோர் பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும்.

எங்கள் தேர்வு

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெரியம்மாவின் முன் வைத்தேன். மேல்தளத்தில் பால்கனி அறை ஒருபுறம். தாழ்தளத்தில் நடுப்பகுதிச் சாளர அறை மறுபுறம். இரண்டுக்குமுள்ள விலை வேறுபாட்டில் ரோமில் மூன்று நாள் தங்கலாம், பாம்பேயிக்கு வழிகாட்டியும் அமர்த்தலாம் என்று கணக்குக் காட்டினேன். அவர் தயங்கவில்லை. "கடலை மேல்தளத்திலே போய் நின்னு பார்த்துக்கலாம். ரோமை எங்கே போய்ப் பார்க்கிறது?" என்றார்.

ஆகவே சிவித்தவெக்கியாவில் தொடங்கி அங்கேயே முடியும் பயணமாகத் தேர்ந்தோம். கப்பல் ஏறுமுன் மூன்று நாள் ரோம். பின்னர் சாண்டோரினி, குசதாசி, பிரேயஸ், நேப்பிள்ஸ். சாண்டோரினியில் படகிறங்க இயலாவிட்டால் எரிமலை வாயைக் கப்பலின் மேல்தளத்திலிருந்தே காணலாம், அதற்குக் கட்டணமில்லை. முன்னதாகவே நகரில் இருப்பதால் விமானம் தாமதித்தாலும் கப்பல் தவறாது. கப்பல் எவர்க்காகவும் காத்திராது. நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலா தாமதமானால் மட்டுமே காத்திருக்கும்.

இறுதியாக ஒன்று. 2012 ஆம் ஆண்டு சனவரி 13 அன்று 'கோஸ்டா கன்கார்டியா' இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்ததில் 32 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ பாதுகாப்புப் பயிற்சி நடத்துதல் 2015 முதல் கட்டாயம். கப்பலேறியதும் அனைவரும் விருந்து மண்டபத்தைத் தேடுவர். நாம் முதலில் நம் உயிர்காப்புப் படகின் இடத்தைத் தெரிந்துகொள்வோம்.

கப்பல் எங்கே நிற்கிறது? எத்தனை மணி நேரம்? கரையை அணைகிறதா, படகிறக்கமா? அறைக்கு மேலும் கீழும் என்ன? மொத்தத் தொகை எவ்வளவு? இந்த ஐந்து வினாக்களுக்கு எழுத்தில் விடை பெற்றபின் பணம் கட்டுவோர் ஏமாறுதல் அரிது. வகுப்பறையில் மூலத்தை ஆராய்ந்த பின்னரே முடிவு கூற வேண்டுமென்று நம் பேராசிரியர்கள் கற்பிக்கின்றனர். வாழ்நாட் சேமிப்பைச் செலவிடும்போது அப்பாடம் இன்னும் இன்றியமையாதது.