நாடோடிப் பெண்களின் நலம் – 6: திருவிழா வழியே ஒரு பேறுகாலம்

தையில் வடலூர் தைப்பூசம். மாசியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகம். ஆனியில் சிதம்பரம் தேரோட்டம். பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்ணுக்குக் கடலூர் மாவட்டத்தின் நாள்காட்டி இதுதான். தையில் கரு தரித்தவள் ஆனித் திருமஞ்சனத்துக்குக் கடை விரிக்கும்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

அரசின் நாள்காட்டியோ வேறு. 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும். பதிந்ததற்கான பிக்மி எண் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், அதுவும் 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும். பதிந்தவளைத் தேடிப் போய்ப் பார்ப்பது அந்தந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். ஒரே ஊரில் இருப்பவளுக்கு இது அருமையான ஏற்பாடு. ஊர் மாறிப் போகிறவளுக்கு?

கடலூர் பேருந்து நிலையத்தில் மணி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இடுப்புப் பையிலிருந்து நெகிழி உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே ஆதார், மடிப்பில் கிழிந்த தாய் சேய் நல அட்டை. முதல் இரண்டு பரிசோதனைக் கட்டங்கள் நிரம்பியிருந்தன; மற்றவை காலி. “அங்க பதிஞ்சது சாமி. இங்க போனா, பதிஞ்ச இடத்துக்கே போங்கறாங்க” என்றார். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ரத்தசோகைக்கான மாத்திரைதான் அவரை வந்து சேரவில்லை.

இளவயதுத் திருமணம் இன்னொரு தடை. 18 வயது நிரம்பாத கர்ப்பிணி வந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவமனை தகவல் சொல்லியாக வேண்டும். சிறுமிகளைக் காக்க அந்தச் சட்டம் அவசியம். ஆனால் போலீஸுக்குப் பயந்து குடும்பம் அவளை மறைத்துவிட்டால், மிகுந்த ஆபத்தில் இருப்பவளுக்கே மருத்துவம் கிடைக்காமல் போகிறது.

மருத்துவமனைக்குள் போய்விட்டாலும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. வடமேற்கு இந்தியாவிலிருந்து நெடுங்காலம் முன்பு புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான, ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் கதை இதைவிடக் கொடியது. ஸ்லோவாக்கியாவில் 2000-ஆம் ஆண்டு, பிரசவ வலியில் இருந்த ஒரு ரோமா பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்துவிட்டார்கள். 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறென்று தீர்ப்பளித்தது. வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது; உள்ளே போனவளை மனுஷியாக மதிக்கவும் வேண்டும்.

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும்படி 1965-இல் லோக்கூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை ஏற்றது 2022 டிசம்பரில். கர்ப்பிணிகளால் அப்படிக் காத்திருக்க முடியாது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. அந்த அக்கறை கூடாரத்துக்கும் வரட்டும். திருவிழா மருத்துவ முகாம்களில் கர்ப்பிணிகளுக்கென ஒரு மேசை, ஒரு செவிலியர், ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை போதும். ‘எந்த ஊரில் பதிந்தாய்?’ என்ற கேள்வியை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கிள்ளை இருளர் பெண்கள்