பதிவு பெற்ற டாக்டர் யார்?

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி மாட்டின் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நாலு எட்டு நடத்தியும் பார்க்கிறார். விதை வாங்குபவர் மூட்டையில் சான்று அட்டை தைக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கிறார். நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுப்பதில்லை. இவ்வளவு விழிப்புடன் நடந்துகொள்ளும் நம் மக்கள், தங்கள் குழந்தையின் கையை ஒருவரிடம் நீட்டி ஊசி போடச் சொல்லும்போது மட்டும் அவர் யார், என்ன படித்தவர், எங்கே பதிவு செய்துகொண்டவர் என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்றுகூடப் பலர் எண்ணுகிறார்கள். சட்டமோ அவ்வாறு கேட்பதற்கு நோயாளிக்கு இடமளித்திருக்கிறது. கேட்காமலே தெரிவிக்க வேண்டிய கடமையையும் டாக்டர்மீது சுமத்தியிருக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இதனை அறிந்திருத்தல் அவசியமாகையால் இங்கே சற்று விரிவாகவே கூற முற்படுகிறோம்.

இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டிலேயே டாக்டர்களைப் பதிவு செய்யும் சட்டம் ஏற்பட்டது. பம்பாயில் 1912-லும், சென்னை மாகாணத்தில் 1914-லும் இத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னை மருத்துவக் கவுன்சில் அந்த 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிறந்ததே. இன்று அதுவே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் என்று வழங்குகிறது. அந்நாளில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவர்களோடு, மருத்துவப் பள்ளிகளில் பயின்று எல்.எம்.பி. என்னும் தகுதி பெற்றவர்களும் இருந்தனர். கிராமப்புறங்களுக்கு முதன்முதலாக மேனாட்டு வைத்தியத்தைக் கொண்டு வந்தவர்களில் இந்த எல்.எம்.பி. டாக்டர்கள் கணிசமானவர்கள். 1946-இல் போர் கமிட்டி தனது அறிக்கையில் நாடெங்கும் ஒரே தரமான அடிப்படை டாக்டர் இருக்க வேண்டும் என்று கூறியபின் அந்தப் படிப்பு படிப்படியாக நின்றுபோயிற்று. பின்னர் 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறி, 2020 செப்டம்பர் 25 முதல் பழைய மத்திய கவுன்சிலின் இடத்தில் ஆணையம் செயல்பட்டு வருகிறது.

பதிவு என்பது என்ன?

கல்லூரியில் பட்டம் பெறுவது ஒன்று. தொழில் நடத்தப் பதிவு பெறுவது வேறொன்று. எம்.பி.பி.எஸ். மாணவர் நாலரை ஆண்டுப் பாடங்களை முடித்துத் தேறியதும் ஓராண்டு பயிற்சி டாக்டராக மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். அந்த ஓராண்டுக்குத் தற்காலிகப் பதிவு மட்டுமே உண்டு. பயிற்சி முடிந்த சான்றுகளைக் காட்டிய பிறகே நிரந்தரப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறும். பதிவு எண்ணும் கிடைக்கும். பிற்பாடு எம்.டி., எம்.எஸ். போன்ற மேற்பட்டங்கள் பெற்றால் அவற்றையும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் படித்து வருபவர்களுக்கு 2002 முதல் தனியாக ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. அதில் தேறாமல் இங்கே பதிவு இல்லை.

இவ்வாறு பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டுமே நான்கு உரிமைகள் உண்டு என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தகுதி பெற்ற டாக்டராகத் தொழில் நடத்தலாம். டாக்டருக்குரிய உத்தியோகத்தை வகிக்கலாம். சட்டப்படி டாக்டர் கையொப்பமிட வேண்டிய சான்றிதழ்களில் கையொப்பமிடலாம். நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சியம் கூறலாம். பதிவில்லாமல் இவற்றைச் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதத்தின் உச்ச வரம்பு ஆயிரம் ரூபாயாகவே இருந்தது. நாளொன்றுக்கு முப்பது ஊசி போடுபவருக்கு அது ஒரு சிறு செலவு; அவ்வளவுதான்.

சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யூனானி ஹக்கீம், ஹோமியோபதி டாக்டர் ஆகியோருக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. நம் மாநிலத்தில் சித்த வைத்தியர்களுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் கவுன்சிலே இருக்கிறது. பி.எஸ்.எம்.எஸ். என்பது சித்த வைத்தியத்துக்கும், பி.ஏ.எம்.எஸ். ஆயுர்வேதத்துக்கும், பி.யூ.எம்.எஸ். யூனானிக்கும், பி.எச்.எம்.எஸ். ஹோமியோபதிக்கும் உரிய பட்டங்கள். ஐந்தரை ஆண்டுகள் முறையாகக் கற்றுப் பெறும் பட்டங்களே இவை. ஆகவே இவர்களைப் போலி டாக்டர்களோடு சேர்த்துப் பேசுவது பெருந்தவறு. ஆனால் ஒரு முறையில் பதிவு பெற்றவர் மற்றொரு முறையின் மருந்துகளைத் தம் விருப்பம்போல் கொடுக்க உரிமை உண்டென்று அர்த்தமாகாது. ஹோமியோபதி பயின்ற ஒருவர் காய்ச்சலுக்கு ஆங்கில மருந்துகளைக் கொடுத்து, நோயாளி இறந்துபோன வழக்கில், தாம் கல்லாத முறையில் சிகிச்சை செய்வதே கவனக்குறைவுக் குற்றமாகும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசு தனி உத்தரவால் அனுமதித்துள்ள அளவுக்கு மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

பரம்பரை வைத்தியர்களைப் பற்றியும் கேள்வி எழுவது இயல்பு. தந்தை, பாட்டன் வழியாக வந்த அனுபவம் மட்டும் இருந்து, அங்கீகரித்த தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் வைத்தியத் தொழில் நடத்த இயலாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மூலிகை பற்றி அவர்களில் சிலருக்குள்ள அறிவு மதிப்பிடற்கரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனை ஏட்டில் எழுதிக் கல்லூரிகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அது வேறு, கட்டணம் வாங்கிக்கொண்டு மஞ்சட்காமாலைக்கும் சர்க்கரை நோய்க்கும் சிகிச்சை செய்வது வேறு. வீட்டில் பாட்டி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்க வரவில்லை.

பலகையைப் படிப்பது எப்படி?

2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி ஒவ்வொரு டாக்டரும் தமது பதிவு எண்ணை வைத்தியசாலையில் யாவரும் காணும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது ஆகிய எல்லாவற்றிலும் அந்த எண் இருக்க வேண்டும். அங்கீகரித்த பட்டங்களை மட்டுமே பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கிராமங்களில் ‘ஆர்.எம்.பி.’ என்று எழுதிய பலகைகளைக் காண்கிறோம். இது ஒரு பட்டமன்று. ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இவை. எந்தக் கவுன்சிலில், எந்த எண்ணில் பதிவு என்று அதன்கீழ் எழுதப்படாதிருந்தால் அந்த மூன்றெழுத்துக்கு மதிப்பில்லை.

எண் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பிறருடைய எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்வதும் நடக்கக்கூடியதே. கவுன்சிலின் இணையத்தளத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் வசதி இன்று இருக்கிறது. ஊரில் கைப்பேசி வைத்திருக்கும் எந்த இளைஞரும் சில நிமிடங்களில் இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அங்கே பெயர், பட்டம், பதிவான ஆண்டு ஆகியவை நம்மூர்ப் பலகையோடு ஒத்திருக்கின்றனவா என்று காண வேண்டும். 1975-இல் பதிவான எண்ணை முப்பது வயதுடையவர் வைத்திருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

புதுப்பித்தல்

முன்னாளில் பல மாநிலங்களில் ஒருமுறை பதிவு செய்தால் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாயிற்று. அதனால் விளைந்த குறை என்னவெனில், பதிவேட்டில் காலமானவர்களும், அயல்நாடு சென்றவர்களும், தொழிலை விட்டவர்களும் அப்படியே இருந்து வந்தனர். கேட்பாரற்ற அவ்வெண்கள் ஏமாற்றுவோருக்குக் கைகொடுத்தன. வாக்காளர் பட்டியலைத் திருத்தாமல் விட்டால் என்ன நேரும் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட விதிகளின்படி, தொழில் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். அந்தக் காலம் முடிவதற்கு முந்திய மூன்று மாதங்களுக்குள் மாநிலக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்து அதைப் புதுப்பிக்க வேண்டும். நாடு முழுவதற்குமான ஒரே தேசியப் பதிவேட்டில் ஒவ்வொரு டாக்டருக்கும் தனி அடையாள எண் அளிக்கவும் விதிகள் வழி செய்கின்றன. அப்பதிவேட்டுக்கான இணையத்தளம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டில் 30 மணி நேரமாவது தொடர்கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளது. இருபது ஆண்டுகளுக்கு முன் கற்ற பூச்சி மருந்தை இன்றும் தெளிப்பேன் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? மருந்துகளும் நோய்களும் அவ்வாறே மாறி வருகின்றன.

ஒழுங்கு தவறிய டாக்டரின் பெயரைக் குறித்த காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நீக்கப்பட்ட காலத்தில் அவரும் பதிவில்லாதவரே.

ஊசியின் கதை

பதிவில்லாதவரிடம் போனால் என்ன கெட்டுவிட்டது, காய்ச்சல் தீர்ந்துவிடுகிறதே என்று சிலர் கூறுவர். அதற்கு விடை கம்போடியாவில் கிடைத்தது. அந்நாட்டின் பட்டம்பாங் மாநிலத்தில் ரோக்கா என்றொரு கிராமம். அங்கே உரிமமில்லாத ஒருவர் பல ஆண்டுகள் வைத்தியம் செய்து வந்தார். மக்களுக்கு அவரிடம் மிகுந்த நம்பிக்கை. கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூரில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிய வந்தது. குழந்தைகளும் முதியோரும் அதில் அடங்குவர். ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணையில் தெளிவாயிற்று. 2015 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தது. நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்தின் பாங்கர்மாவ் பகுதியில் 2018-இல் இத்தகைய துயரம் வெளிவந்தது.

கண்ணுக்குத் தெரியாத வேறொரு தீங்கும் உண்டு. மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் ‘ஒரே ஊசியில் குணம்’ என்று போடப்படுவது பல இடங்களில் ஸ்டீராய்டு மருந்தாகும். வலி உடனே தணியும், பசி எடுக்கும், களை வெட்டப் போகலாம். மாதக்கணக்கில் தொடர்ந்தாலோ முகம் உப்பும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், கிருமிகளை எதிர்க்கும் சக்தி குன்றும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. தகுந்த நோய்க்குத் தகுந்த அளவில் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து அது. அந்த அளவை அறிவதற்குத்தான் படிப்பு.

எனினும் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். மக்கள் அறியாமையால் மட்டுமே அத்தகையவரிடம் போகிறார்கள் என்பது முழு உண்மையன்று. இரவு ஒன்பது மணிக்கு அவர் ஊரில் இருக்கிறார், கடன் சொல்லலாம், அறுவடைக்குப் பின் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல ஒரு நாள் கூலி போய்விடுகிறது. இந்தக் குறைகளைத் தீர்க்காமல் ஒருவரை மட்டும் துரத்தினால் அடுத்த மாதம் வேறொருவர் வந்து அதே திண்ணையில் அமர்வார். ஆகையால் துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் தங்குகிறாரா, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகள் நம்மூர் வீடுகளுக்கு ஒழுங்காக வருகின்றனவா என்பதைக் கிராம சபையில் கேட்பதும் போலி வைத்தியத்தை ஒழிக்கும் வேலையே ஆகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஊரில் புதிதாக வைத்தியசாலை திறப்பவரிடம் பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி வைக்கலாம். உண்மையான டாக்டர் இதனால் மனம் வருந்தமாட்டார். வைத்தியசாலைக்கும் தனியே பதிவு வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம். ஆகவே டாக்டரின் எண், வைத்தியசாலையின் எண் என இரண்டையும் பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவிலோ பள்ளியிலோ யாரேனும் இலவச முகாம் நடத்த வந்தால், பந்தல் போட அனுமதிக்கும் முன் இதே கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

சான்றிதழ்களிலும் விழிப்பு தேவை. வீட்டில் ஒருவர் காலமானால், கடைசி நோயின்போது சிகிச்சை செய்த டாக்டர் இறப்பின் காரணம் குறித்த சான்றினைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் கூறுகிறது. பதிவில்லாதவர் எழுதித் தரும் தாள் இதற்கு உதவாது. காப்பீட்டுத் தொகை, வாரிசுரிமை, விபத்து நிவாரணம் என்று குடும்பம் அலையும் வேளையில்தான் இதன் அருமை தெரியும்.

சந்தேகம் உறுதியானால் பஞ்சாயத்தார் தாமே சோதனையிடவோ, பலகையைப் பிடுங்கவோ, ஆளை மிரட்டவோ கூடாது. அந்த அதிகாரம் நமக்கில்லை. மாவட்ட மருத்துவ, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். மனுவில் வைத்தியசாலை இருக்கும் இடம், பலகையில் எழுதியுள்ள பெயர், பட்டம், எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மருந்துச் சீட்டோ ரசீதோ இருந்தால் அதன் நகலை இணைக்க வேண்டும். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மனு பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் கேட்டு வாங்கலாம்.