இங்கே செஸ் மட்டும்தான்

சென்னை கே.கே. நகரில் என் வீட்டு மொட்டை மாடி அறையில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடுவோம். நாங்கள் செஸ் ஆடுவதைவிட, செஸ் ஆடும் கணினி நிரல்களை எழுதுகிறவர்கள். எங்கள் பேச்சில் அவை ‘எஞ்சின்’கள். கூட்டத்தை நடத்துகிறவன் என்ற முறையில், எதைப் பேசலாம், எது வெளியே என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது.

2019-இல் ஒரு ஞாயிறு, கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தவர். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்குப் புதுவகை நியூரல் நெட்வொர்க் ஒன்று வந்திருக்கிறது, பத்து நிமிடம் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“தம்பி, இங்க செஸ் மட்டும்தான்” என்றேன்.

“சரிங்க சார்” என்றவர், கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

அவர் சொல்ல வந்தது என்ன என்பதை அடுத்த ஆண்டு தெரிந்துகொண்டேன். எஞ்சினுக்கு இரண்டு வேலைகள்: வரக்கூடிய நகர்த்தல்களைத் தேடுவது, ஒவ்வொரு நிலையும் யாருக்குச் சாதகம் என்று மதிப்பிடுவது. ராணிக்கு இத்தனை புள்ளி, ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் இல்லையென்றால் இத்தனை கழிவு என்று அந்த மதிப்பீட்டை நாங்கள் கையாலேயே எழுதிவந்தோம். நியூரல் நெட்வொர்க் நம்மைவிட நன்றாக மதிப்பிடும். ஆனால் சாதாரணக் கணினியில் ஆமை வேகம். 2018-இல் யூ நாசு என்பவர் ஷோகிக்காக அதற்கு வழி கண்டார். மளிகைக் கடையில் ஒரு சோப்பைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் பில் முழுவதையும் மறுபடி கூட்டுவாரா? சோப்பின் விலையை மட்டும் கழிப்பார். அதேபோல ஒரு காய் நகர்ந்தால், பழைய கட்டத்துக்கான எண்களைக் கழித்துப் புதிய கட்டத்துக்கானதைக் கூட்டினால் போதும். ராஜா நகர்ந்தால்தான் கூட்டலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2020 ஆகஸ்டில் இந்த முறை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினுக்குள் வந்தது. 2024-இல் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 16.1-இல் கையால் எழுதிய மதிப்பீடு ஒரு வரிகூட இல்லை. ஷோகிக்காரர்கள் அதற்கு முன்பே ஸ்டாக்ஃபிஷின் தேடல் முறையை எடுத்துத் தங்கள் பலகைக்குப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே கொள்வினை கொடுப்பினை இருந்திருக்கிறது. நான்தான் வாசலை மூடி வைத்திருந்தேன்.

பழைய கதைகளைப் புரட்டினால் இது புதிதும் அல்ல. என் எஞ்சினில் நான் முதலில் எழுதிய பகுதியே ‘ஸோப்ரிஸ்ட்’ எண்கள்தான். 12 வகைக் காய்களுக்கும் 64 கட்டங்களுக்கும் சேர்த்து 768 எண்கள். பலகையில் இருக்கும் காய்களின் எண்களைக் கலந்தால் அந்த நிலைக்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். வேறு வழியில் அதே நிலைக்கு வந்தால் மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. 1970-இல் இதைத் தந்த ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட், கோ என்ற ஆட்டத்துக்கு முதல் நிரல் எழுதியவர். 1977-இல் செஸ் நிரலாளர்கள் தொடங்கிய பன்னாட்டுச் சங்கமும் 2002-இல் தன் பெயரிலிருந்த ‘செஸ்’ஸை எடுத்துவிட்டு ‘விளையாட்டுகள்’ என்று போட்டுக்கொண்டது.

அதற்காக எல்லையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் பேசும் கூட்டத்தில் எதுவும் உருப்படியாக நடக்காது. எந்தப் பலகை என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்போது வேறொன்று கேட்கிறேன்: இதைக் கேட்டபின் நம் எஞ்சினில் ஏதாவது மாற்றிப் பார்க்கத் தோன்றுமா?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் அதே பேச்சு. லட்டு கொடுத்துக் கொண்டாடினோம். ஆனால் குகேஷின் மன உறுதி எங்கள் கூட்டத்தின் பொருள் அல்ல. கடைசி ஆட்டத்தில் எதிராளி டிங் லிரன் யானையை வைத்த அந்த ஒரு தவறு மட்டும் எங்கள் பொருள். யானைகள் வெட்டுப்பட்டதும் பலகையில் மிஞ்சியவை 7 காய்கள். 7 காய்கள் வரையிலான நிலைகளின் முடிவெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக இருக்கிறது. அதை எந்த நொடியில் எஞ்சின் புரட்ட வேண்டும் என்று மாலை வரை பேசினோம்.

போன மாதம் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். ஆடுபுலி ஆட்டத்துக்கு நிரல் எழுதியிருந்தார்.

“சார், இது செஸ் இல்லையே, சொல்லலாமா?”

“சொல்லுங்கம்மா.”

23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. பலகை இடவலம் ஒன்றுபோல இருப்பதால் பாதி நிலைகளை மட்டும் சேமித்து, மீதியைப் புரட்டி எடுத்துக்கொள்கிறார். சிப்பாய் இல்லாத செஸ் முடிவாட்டங்களிலும் இதேதான் நடக்கிறது: புரட்டியும் சுழற்றியும் பார்த்தால், 64 கட்டங்களில் ஒரு ராஜாவுக்கு 10 கட்டங்களே போதும். அதைச் சொன்னதும் அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆடுகள் இன்னும் பலகைக்கு வராத கட்டத்தை எப்படி மதிப்பிடுகிறார் என்று நாங்கள் குறித்துக்கொண்டோம்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த மாணவர் என்னிடம் கேட்டது பத்து நிமிடம்.