பழைய பெட்டிக்குப் புதிய வன்தட்டு

பதுளைப் பகுதித் தோட்டங்களிலே ஒரு குடும்பத்தின் செல்வம் யாதெனக் கேட்டால், தகரப் பெட்டியின் அடியிலே துணியிற் சுற்றி வைத்திருக்கும் கடதாசிகளே என்று நாம் தயங்காமற் கூறுவோம். மூக்குத்தியை அடகு வைப்பார்கள். கடதாசியை மட்டும் கைவிடமாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என எழுத்திலே காட்டும் சுமையை நம்மவர் தலையில் ஏற்றியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையைப் பெரிதும் இறக்கியதாயினும், 1964 ஒக்டோபர் 30 தொட்டு இங்கு வசித்தவர், அல்லது அவருடைய சந்ததியார் என்பதே அதிலும் அளவுகோலாயிற்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களே புதைந்தன. கடதாசிகள் எங்கே மிஞ்சும்?

ஆகவே இக்காலத்தில் அவற்றை மின்படமாக்கிச் சேமித்தல் அவசியமாகிறது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 தொட்டு எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்தின் தொண்டை நேயர்கள் அறிவர். ஆனால் ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ் ஊரார் எல்லாரும் படிப்பதற்குரியதன்று. அத்தகையவற்றை வாசிகசாலையிலோ பாடசாலையிலோ நாலு வன்தட்டுகள் செருகிய ஒரு வலைச் சேமிப்புப் பெட்டியிலே பூட்டி வைப்பதே முறை. பெட்டி பத்தாண்டு கடந்தும் உழைக்கும். உள்ளே ஓயாது சுழலும் தட்டுகளோ அதற்கு முன்னரே தளர்ந்துவிடும். அவற்றுக்கு மாற்றுத் தட்டு தேர்வது எங்ஙனம் என்பதே நம் விஷயம்.

அப்பெட்டியின் சூட்சுமம் எளிது. மூவர் பறித்த கொழுந்தின் நிறையை மூன்று ஏடுகளிலும், மொத்த நிறையை நாலாம் ஏட்டிலும் எழுதிவைத்தால், ஓர் ஏடு தொலைந்தாலும் கழித்துக் கண்டுகொள்ளலாமல்லவா? 1988இல் அமெரிக்காவின் பேர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர் மூவர் வகுத்துரைத்த ‘ரெயிட்’ என்னும் ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. ஆனால் இரண்டு ஏடுகள் தொலைந்தால் கணக்கு முடிந்தது. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய தட்டுகள் ஒரே வயதினவாதலால், ஒன்று விழுந்தால் மற்றவையும் நலிந்தே இருக்கும். புதிய தட்டைச் செருகியதும், எஞ்சியவை தம்மிடமுள்ளது முழுவதையும் மணிக்கணக்காக, சிலவேளை நாட்கணக்காக, வாசித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது விழுவது பெரும்பாலும் அவ்வேளையில்தான். எனவே தட்டைத் தொடுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் வேறோரிடத்திற் பிரதி எடுத்தல் வேண்டும். பிரதி இன்றித் தட்டு மாற்றுவோரை நாம் துணிச்சற்காரர் என்று மெச்சமாட்டோம்.

இனி, எத்தட்டு? ‘பெரிதாக வாங்கினால் நல்லது’ என்று கடைக்காரர் சொல்வார். பழைய பெட்டிகள் சில 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டை முழுமையாக அறியா. வேறு சில, ஒரே தொகுதியாக 16 டெராபைட்டுக்கு மேல் ஏற்கா. அன்றியும், நாலில் ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மிகையான இடம் வீணே கிடக்கும். பெட்டி செய்தவர் வெளியிட்ட பொருத்தப் பட்டியலைப் பார்த்த பின்னரே பணத்தை எடுங்கள்.

அளவினும் முக்கியமானது எழுதும் முறை. லயத்துக் கூரையிலே தகரங்கள் ஒன்றன் விளிம்பின்மேல் ஒன்றாகக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கீழ்த் தகரத்தை மாற்ற வேண்டுமாயின் மேலுள்ளவற்றையும் கழற்றித்தான் ஆகவேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுச் சில வன்தட்டுகளில் எழுத்துத் தடங்களை இப்படியே மேற்கவித்து அமைக்கின்றனர். சும்மா சேர்த்து வைப்பதற்கு அது போதும். இழந்ததை மீளக் கட்டும் வேலையிலோ ஆமையாய் நகரும், சிலவேளை பெட்டி அதனைப் பழுதெனத் தள்ளியும்விடும். வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனம் தனது ‘ரெட்’ வரிசைத் தட்டுகள் சிலவற்றில் இம்முறையைக் கையாண்டது 2020இல் வெளியாகிப் பெருங் கண்டனம் எழுந்தது. பின்னர் கவிப்பில்லாதவற்றுக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப்பெயர் சூட்டினர். பெட்டிக்குரிய தட்டு என்று மேலுறையிற் கண்டால் மட்டும் போதாது, ‘சி.எம்.ஆர்.’ வகையா என்று கேட்டு வாங்குவதே விவேகம். மேசைக் கணினிக்குரிய மலிவான தட்டும் ஆகாது. வாசிக்க இயலாத ஓரிடத்தில் அது நெடுநேரம் முட்டிக்கொண்டு நிற்க, பெட்டி அதனை இறந்ததென எண்ணிக்கொள்ளும்.

2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது முதல் விலையைக் கேட்டாலே மலைப்பாயிருக்கிறது. பழைய தட்டில் மனம் செல்வது இயல்பே. எனினும் இக்காரியத்துக்கு அது வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு. ஓடிய மணிக்கணக்கை அழித்துவிட்டு, பழையதைப் புதியதென விற்ற மோசடி 2025இல் ஜெர்மனியிலேயே வெளிவந்தது. நாலு பழையதிலும் இரண்டு புதியது மேல். அவற்றையும் வெவ்வேறு கடைகளிலே வாங்கினால் ஒரே வார்ப்பாய் இராது.

அப்புத்தளை உயரம் தட்டைக் கெடுக்குமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. ஏறக்குறைய 3,000 மீற்றர் வரை தாங்குமெனச் செய்தவர்கள் உறுதி கூறுவதால் அவ்வச்சம் வேண்டாம். அஞ்சத்தக்கவை சித்திரை, ஐப்பசி மாதத்து இடிமின்னலும், மாரிகாலத்து ஈரமும், சொல்லாமற் போகும் மின்சாரமுமே. 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்ததை யார் மறப்பர்! புதிய தட்டு வாங்கும் காசில் ஒரு பங்கை யூ.பி.எஸ். கருவிக்கு ஒதுக்குங்கள்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகவே மாற்றுக. ஒன்று கட்டி முடிந்தது என்று பெட்டி அறிவித்த பின்னரே அடுத்ததைத் தொடுக. வாங்கிய திகதியைத் தட்டின் முகப்பிலே எழுதி ஒட்டிவைத்தால் அடுத்து வருபவர் வாழ்த்துவார். பிரதி எடுத்த தட்டை அதே அலுமாரியில் வையாது, அந்த மலைச்சரிவிலேயே வையாது, பதுளை நகரிலோ பண்டாரவளையிலோ நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.