கன்று இலவசம், குழிக்குக் காசு

சின்னசேலம் பக்கம் மரவள்ளி போட்டுச் சலித்து, ஓர் ஏக்கரை மரத்துக்கு விடலாமா என்று யோசிக்கிறவர் நடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும்.

2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில் கன்று இலவசம். உழவன் செயலியில் பதியலாம். வரப்பில் மட்டும் என்றால் ஏக்கருக்கு 50 கன்று; வயல் முழுக்க என்றால் 160. ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி விட்டால் 161 கன்று பிடிக்கும். சதுரமான ஏக்கரின் சுற்று 254 மீட்டர். 5 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 50. ஆக, இரண்டு கணக்குக்கும் அடிப்படை ஒன்றுதான். இந்த இடைவெளியில் முதல் இரண்டு வருடம் நடுவில் உளுந்தோ மரவள்ளியோ போட்டுக்கொள்ளலாம்.

செலவு குழியில் தொடங்குகிறது. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் என்றால் ஒரு குழிக்கு 3.375 கன அடி மண். 160 குழிக்கு 540 கன அடி, அதாவது 5.4 யூனிட். சரளை மண்ணில் ஓர் ஆள் நாளைக்கு 16 குழி வெட்டினால் 10 ஆள். 2025-26க்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலியான ரூ.336 வைத்துப் பார்த்தால் ரூ.3,360. (இந்தக் கூலிக்கு இன்று எந்த ஆள் கடப்பாரை தூக்குவார் என்பது வேறு கேள்வி.) உயிரோடு நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ரூ.7 வீதம் மூன்று ஆண்டு ஊக்கத்தொகை உண்டு. 160 கன்றும் பிழைத்தால் அதுவும் ரூ.3,360! மூன்று வருட உதவியும் குழிக்கே சரியாகப் போய்விடுகிறது. 40 கன்று பட்டுப்போனால் ரூ.2,520தான் கைக்கு வரும்.

கன்றைக் கொல்வது பெரும்பாலும் முதல் கோடை. ஐப்பசியில் நட்டு, தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை 20 வாரம், வாரத்துக்குக் கன்றுக்கு 10 லிட்டர் என்றால் மொத்தம் 32,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் ஏழு நடை. அதே ஏக்கரில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 40 லட்சம் லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு வேரடியில் நின்றாலே போதும். சரிவுள்ள நிலத்தில் கன்றின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் மண் அணைத்து, சருகு மூடி வைப்பது டேங்கரைவிட மலிவு.

வெட்டிப் போட்டுப் பராமரிப்பில்லாத பழைய தோப்பென்றால் குழிச்செலவே இல்லை. தைலமரமோ தேக்கோ, அடிக்கட்டையில் ஐந்தாறு துளிர் கிளம்பியிருக்கும். நேராக உள்ள ஒன்றை விட்டு மற்றதை அரிவாளால் கழித்துவிட வேண்டும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் திரும்பத் தழையும்.

கழிப்பது ஏன் என்பதை மரவாடிக்காரரின் டேப்பு சொல்லும். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மர வியாபாரத்தில் பழைய கணக்கு. 10 அடி நீளக் கட்டை, சுற்றளவு 3 அடி என்றால் 5.6 கன அடி. சுற்றளவு 4 அடியானால் 10 கன அடி. சுற்றளவு மூன்றில் ஒரு பங்கு கூட, மரம் 78 சதவீதம் கூடுகிறது. ஒல்லியாக நெருங்கி நிற்கும் பத்தைவிட, கழித்துவிட்டுப் பருக்கவிட்ட ஐந்து மேல். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பக்காரர்களுக்கும் பருத்த கட்டைதான் உதவும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 4 அடிச் சுற்றளவுள்ள உருண்டைக் கட்டையில் உண்மையில் இருப்பது 12.7 கன அடி. வியாபாரி எழுதுவது 10. மீதி 2.7 அறுவைச் சேதாரம் என்று பெயர் பெறும். நியாயமோ இல்லையோ, விலை பேசும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் இதெல்லாம் பட்டா கையில் இருந்தால்தான். 1976இல் ஜாகிர்தார்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட மலை அது. பட்டா இல்லாத நிலத்தில் கடுக்காய் பொறுக்கலாம், மரம் வெட்டக் கணக்குப் போட முடியாது. அடிவாரத்தில் பட்டா வைத்திருப்பவரும் தேக்கு, சந்தனம், ஈட்டி என்றால் வெட்டும் முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளட்டும். தோப்பைக் குத்துமதிப்பாக மொத்தமாக விலை பேச வருகிறவரிடம் உடனே தலையாட்டாதீர்கள். ஒரு டேப்பு வாங்கி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் ஒவ்வொரு மரத்தையும் அளந்து எழுதிய பிறகு பேசுங்கள்.